ஓட்டலா, ஃபேக்டரியா, கீழே இறங்குவதா?

அக்கா மகள் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கடைசி செமஸ்டர். போன ஞாயிறு கோத்தகிரிக்கு வந்தவள், சாப்பிட்டு முடித்த கையோடு போனில் மூன்று கடிதங்களைக் காட்டினாள். ஒன்று, ஊட்டியில் ஒரு பெரிய ஓட்டலில் ஆறு மாதப் பயிற்சி. தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அடுத்தது, குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் ஒரு வருடம். மூன்றாவது, கோவை சரவணம்பட்டியில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கும் ஒரு நிறுவனம்.

"சம்பளத்த விடுங்க மாமா. எங்க போனா நான் வேலை தெரிஞ்ச ஆளா ஆவேன்?"

சம்பளத்தை விடச் சொல்வது இருபது வயதில் மட்டும் வரும் தைரியம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. டீ ஆறும் வரை யோசித்தும் ஒரு வரியில் பதில் வரவில்லை. அவளைப் போல இந்த மலையில் நிறையப் பேர் வருகிற மே, ஜூனில் இதே மூன்று பாதைகளுக்கு நடுவில்தான் நிற்கப்போகிறார்கள். அதனால் அவளிடம் சொல்வது போலவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் யோக்கியதை. ஃபேக்டரி ஆபீசில் இரண்டு வருடம், கோவையில் ஒரு கம்பெனியில் ஐந்து வருடம் இருந்தேன். இப்போது கோத்தகிரியில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஓட்டலில் வேலை பார்த்ததில்லை; ஆனால் என்னோடு பிளஸ் டூ படித்தவன் ஊட்டியில் ஓட்டல் பயிற்சியில் இருந்தபோது அவன் ரூமில் ஒரு சீசன் முழுக்கத் தங்கியிருந்தேன். அவன் ஷூவுக்கு நான்தான் பாலிஷ் போட்டேன், அந்த அளவுக்குத் தெரியும்.

கல்லூரியிலும் இதற்கெல்லாம் தயார் செய்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு ரெஸ்யூமே எழுதவும், நேர்காணலில் உட்காரவும், ஆங்கிலத்தில் நாலு வார்த்தை தடுமாறாமல் பேசவும் வகுப்புகள் நடக்கின்றன. எங்கள் காலத்தில் அதுவும் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தை எந்தக் கல்லூரியாலும் சொல்லித்தர முடியாது. படிக்கும்போது தப்பு செய்தால் என் மார்க் போகும். வேலையில் தப்பு செய்தால் அடுத்தவர் காசு போகும். இந்த வித்தியாசம் உடம்பில் இறங்குவதைத்தான் 'வேலைப் பழக்கம்' என்று நான் நினைக்கிறேன். டை கட்டுவதும் மெயில் அனுப்புவதும் அப்புறம்.

எனக்கு அது இறங்கியது ஃபேக்டரியில் சேர்ந்த மூன்றாம் வாரம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையைச் சீட்டிலிருந்து லெட்ஜரில் ஏற்றுவது என் வேலை. சீட்டில் 186 கிலோ. நான் 168 என்று ஏற்றிவிட்டேன். மாதக் கடைசியில் பணம் வாங்க வந்த பெரியவர், மடித்து மடித்து நைந்துபோன சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தார். ஒன்றும் பேசவில்லை. விரலை மட்டும் எண்ணின் மேல் வைத்தார். 18 கிலோ வித்தியாசம். அரை நாள் குனிந்து பறித்த இலை.

திருத்திவிட்டால் போச்சு என்று நான் பேனாவை எடுத்தேன். பக்கத்து மேஜை அக்கா, பல வருடமாக அங்கே இலைக் கணக்குப் பார்ப்பவர், என் கையைப் பிடித்துவிட்டார். "மொதல்ல எந்திரிச்சு நில்லு. தப்பு என்னுதுங்கன்னு அவருகிட்ட சொல்லு. அப்புறம் பழைய எண்ணு தெரியற மாதிரி ஒரே கோடு போட்டு அடி. மேல சரியானத எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போடு."

காது சூடானது. ஆபீசில் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். பெரியவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அக்கா காரணம் சொன்னார்: "கோடு தெரிஞ்சா தப்பு நடந்துச்சுன்னு மட்டும் தெரியும். அழிச்சு எழுதியிருந்தா திருட்டுன்னு தோணும்."

பின்னால் கோவை கம்பெனியில் இதையே 'ஆடிட் டிரெயில்' என்று சொல்லி, ஏசி அறையில் இரண்டு மணி நேரம் ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். எனக்கு அந்தப் பெரியவரின் விரல்தான் ஞாபகம் வந்தது.

ஃபேக்டரியின் பலமே இதுதான். உன் தப்பால் பாதிக்கப்பட்டவர் உன் மேஜைக்கு நேராக நடந்து வருவார். மேலே இருப்பவர் பத்தடி தூரத்தில் இருப்பார். வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் இலை வரும். டிரஃப் என்ற நீளத் தொட்டியில் கொட்டி 12 முதல் 16 மணி நேரம் வாட்டுவார்கள். விடியற்காலையில் அது, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலருக்குப் போகும். ஒருநாள் அதிகாலை, தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் என்னை மாடிக்குக் கூப்பிட்டு, வாடிய இலையில் ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்து இறுக்கச் சொன்னார். விரலை விரித்தேன். உருண்டை உருண்டையாகவே நின்றது, துள்ளி விரியவில்லை. "இதுதான் பதம்" என்றார். கணக்கு எழுதுகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை போகிறது. "ஒரு வாரம் அது அஞ்சு கிலோ ஆச்சுன்னா, ஏன்னு நீ லெட்ஜரப் பாத்தா கண்டுபிடிப்ப?"

இன்னொன்றும் உண்டு, சொன்னால் சிரிப்பாய். டீயை உறிஞ்சிக் குடித்தால் உன் பாட்டி முதுகில் ஒன்று வைப்பார். ஃபேக்டரியில் ருசி பார்க்கும் மேஜையில், சத்தம் வராமல் குடித்ததற்குத் திட்டு வாங்கினேன். காற்றோடு சேர்த்துச் சுர்ரென்று இழுத்தால்தான் மணமும் துவர்ப்பும் நாக்கு முழுக்கப் பரவுமாம். எந்த இடத்தில் எது மரியாதை என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதை எனக்கு முதலில் காட்டியது அந்த மேஜைதான்.

இவ்வளவு புகழ்ந்ததற்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். தேயிலை உலகத்தில் 'துரை' காலத்து வாசனை இன்னும் போகவில்லை. மேனேஜர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் சொல்வது தப்பென்று தெரிந்தாலும் வாயில் வருவது 'சரிங்க சார்' மட்டும்தான். இரண்டு வருடத்தில் அது எனக்கும் தொற்றிக்கொண்டது. கோவைக்குப் போன பிறகு மீட்டிங்கில் "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டால், ஆட்சேபம் இருந்தும் மாதக்கணக்கில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கற்றதில் பாதியைக் கழற்றவே ஒரு வருடம் ஆனது.

அப்புறம் விலை. குன்னூரில் 1963 முதல் நடக்கும் ஏலத்தில் வாரா வாரம் என்ன விலை விழுகிறதோ, அதுதான் அந்த வார ஆபீசின் முகம். விலை சரிந்த மாதங்களில் எனக்குக் கைக்காசு பத்து நாள் தள்ளித்தான் வந்தது. இருட்டிய பிறகு பஸ் ஸ்டாப் வரை தேயிலைக்குள் நடக்க வேண்டும். காட்டெருமை நின்றால் அது நகரும் வரை நீயும் நிற்க வேண்டும்.

ஓட்டல் வேறு உலகம். சிநேகிதன் ரூமில் காலை ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து நகம், சவரம், ஷூ, பெயர் பட்டை எல்லாம் பார்ப்பார்கள். டிசம்பர் குளிரிலும் யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டர் தெரியக்கூடாது. சட்டைக்குள் இரண்டு பனியன். விருந்தாளி முன்னால் வாசலில் சாயக்கூடாது, கையைக் கட்டக்கூடாது, 'தெரியாது' என்று சொல்லக்கூடாது. "விசாரித்துச் சொல்கிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வெந்நீர் வரவில்லை என்று காலை ஆறு மணிக்குக் கத்துபவரிடம் விளக்கம் சொல்லாமல், முதலில் மன்னிப்பு, அடுத்து பக்கெட்டில் வெந்நீர், அதற்கடுத்துதான் பாய்லர் பேச்சு. இந்த வரிசையை அவன் ஒரே மாதத்தில் பிடித்துவிட்டான். ஒரு வார்த்தை பேசக் கூச்சப்பட்டவன் யாரிடமும் கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். கூச்சம் போக ஓட்டலைப் போல ஒரு மருந்து கிடையாது.

அதற்கும் ஒரு விலை இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். கை கால் உழைப்பைப் போல, சிரிப்பையும் பொறுமையையும் சம்பளத்துக்குத் தருவது. சிநேகிதன் பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா சொன்னாராம்: "ஏன்டா, என்கிட்டயும் லாட்ஜுக்கு வந்தவங்ககிட்ட பேசற மாதிரியே பேசற?" அவன் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை.

பெரிய குறை சீசன். கடிதத்தில் நான்கு துறைகளிலும் பயிற்சி என்று போட்டிருக்கும்: வரவேற்பு, அறைப் பராமரிப்பு, உணவு பரிமாறல், சமையலறை. ஏப்ரல் பிறந்து மலர்க் கண்காட்சி முடியும் வரை ஊட்டியில் ரூம் காலி இருக்காது, ஆளும் இருக்காது. அவனை அறைப் பராமரிப்பில் போட்டவர்கள் மாற்றவே இல்லை. நாலு மாதம் பெட்ஷீட் மடித்தான். கடைசி நாளில் பயிற்சிக் குறிப்பேட்டை நீட்டினான். நான்கு துறைக்குமான கையெழுத்து ஒரே பேனாவில் ஐந்து நிமிடத்தில் விழுந்தது. எல்லா ஓட்டலும் அப்படி இல்லை. ஆனால் பி.காம். படித்தவள் ஓட்டலுக்குப் போவதென்றால், 'நைட் ஆடிட்' பக்கம் எத்தனை வாரம் உட்கார வைப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைய வரவு செலவு முழுவதையும் இரவே சரிபார்த்து முடிக்கிற வேலை அது. அது இல்லாவிட்டால் இந்தக் கடிதம் உனக்கு வேண்டாம்.

இனி கீழே, அதாவது கோவை. அரவேணு தாண்டி வளைவுகளில் இறங்கி மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றும்போதே வேறு ஆளாகிவிட்டோம் என்று தோன்றும். நான் பட்ட முதல் சிக்கல் கணக்கில் இல்லை, கூப்பிடுவதில். எங்கள் டீம் மேனேஜருக்கு நாற்பத்தைந்து வயது. எல்லோரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பக்கத்து சீட்காரர்களை 'அண்ணா', 'அக்கா' என்று சமாளித்துவிட்டேன். கோவையில் அது போதும். இவரை என்ன சொல்வது? 'சார்' என்றால் சிரிக்கிறார்கள், பேர் வாயில் வரவில்லை. இரண்டு மாதம் அவரைக் கூப்பிடாமலே காலம் தள்ளினேன். எதிரில் போய் நிற்பேன், அவர் நிமிரும் வரை. முதல் மெயிலில் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி லீவ் லெட்டர் போலவே எழுதியிருந்தேன். அவர் பதில் நல்லவிதமாகத்தான் போட்டார்: முதல் வரியில் என்ன வேண்டும், இரண்டாவது வரியில் எப்போதைக்குள், அவ்வளவுதான்.

அங்கே கற்றது கொஞ்சமில்லை. முடியாததை முன்னாலேயே முடியாது என்று சொல்வது. சந்தேகத்தைக் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை என்பது. மேலதிகாரியின் யோசனையில் ஓட்டை இருந்தால், அவர் முகம் சுருங்காத விதத்தில் அதைச் சொல்வது. ஃபேக்டரி கழித்துப்போட்டதை எல்லாம் அங்கேதான் திரும்பச் சம்பாதித்தேன்.

ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. என்னோடு சேர்ந்தவர்கள் நாற்பது பேர். எல்லோரையும் ஒரே தளத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு கட்டம் நிரப்பும் வேலை கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்த இன்வாய்ஸ் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பலருக்குத் தெரியாது. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் தொழில் பழகுவதைப் பற்றி எழுதியபோது சொன்ன இரண்டு உதாரணங்கள் இங்கே அப்படியே பொருந்தும். லைபீரியாவில் தையல் பழக வருகிற பையன் முதலில் துணி வெட்டுவதில்லை. தைத்து முடித்த துணிக்குப் பட்டன் வைக்கிறான், ஓரம் மடிக்கிறான், இஸ்திரி போடுகிறான். அற்ப வேலைதான், ஆனால் முழுச் சட்டை அவன் கண் முன்னால் கிடக்கிறது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி வெட்டப் பழக வந்தவர்களையோ பொட்டலம் கட்டும் மெஷினில் நிறுத்திவிட்டார்கள். வெட்டுகிறவர்கள் வேறு இடத்தில். பார்க்கவே முடியாததை எப்படிப் பழகுவது?

எனவே சம்பளத்துக்கு அடுத்தபடி நீ கேட்க வேண்டியது, 'என் மேஜை எங்கே?' என்பது. வேலை தெரிந்தவர் பேசுவது உன் காதில் விழும் தூரத்தில் மேஜை இருக்கிறதா? அவர் போனில் ஒரு வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவதை நீ ஒட்டுக்கேட்க முடியுமா? தப்பு செய்தால் திட்டுவார்கள், அது எங்கும் உண்டு. திட்டிவிட்டுக் காரணம் சொல்ல ஒரு ஆளுக்கு நேரம் இருக்கிறதா?

இன்னொரு வழியையும் பலர் தவறவிடுகிறார்கள். அப்ரண்டிஸ் என்றால் ஐ.டி.ஐ. பையன்களுக்கு, அருவங்காட்டுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அங்கே 1904-இல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரி நம் மலையில் எத்தனையோ குடும்பங்களுக்கு நேரம் தவறாமை, வரிசை, பாதுகாப்பு எல்லாம் பழக்கிய இடம்தான். வெடிமருந்து செய்யும் இடத்தில் 'பரவாயில்லை' என்ற வார்த்தைக்கு வேலை இல்லை. உன் தம்பிக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கும் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்கள் மொத்த ஆள் கணக்கில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 2019 திருத்தத்தில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஓட்டலானாலும் ஃபேக்டரியானாலும் ஆள் கணக்கு அந்த அளவுக்கு இருந்தால், வெறும் 'பயிற்சியாளர்' கடிதத்துக்குப் பதிலாக அப்ரண்டிஸ் ஒப்பந்தம் போட முடியுமா என்று கேள். கேட்பதில் ஒன்றும் தப்பில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை.

உன் அம்மா கேட்கப்போகும் கேள்விக்கும் இங்கேயே பதில். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் அப்ரண்டிஸ்களுக்கும் சேர்த்துத்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். முதல் நாளே, குழுவில் யார் யார் என்ற போர்டு சுவரில் இருக்கிறதா என்று பார். யாரையும் கேட்க வேண்டாம், பார்த்தாலே போதும்; இடத்தின் குணம் பாதி தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்தே ஆறு வாரம் ஆன்லைன் இன்டர்ன்ஷிப், சர்டிஃபிகேட் உண்டு என்று உன் சிநேகிதிகள் சொல்வது காதில் விழுகிறது. கட்டணம் கேட்டால் அங்கேயே போனை வை. கேட்காவிட்டால் லீவில் செய்துகொள், ஆனால் இந்த மூன்றோடு சேர்த்து எண்ணாதே.

சரி, என் முடிவு. நீ வாயாடியாக இருந்திருந்தால் நேரே சரவணம்பட்டிக்கு அனுப்பியிருப்பேன். கேட்டுக் கேட்டே முழுப் படத்தையும் பிடித்திருப்பாய். நீ பார்த்துக் கற்கிறவள். உனக்கு ஒரு வருடம் ஃபேக்டரி, முடிந்தால் அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தோடு. அதற்கு மேல் ஒரு நாள்கூட இருக்காதே. 'சரிங்க சார்' எலும்பில் ஏறும் முன் கீழே இறங்கிவிடு. ஓட்டலை மூன்றாவதாக வைக்கிறேன். அந்தக் கூச்சம் போகும் வித்தை உனக்குத் தேவைதான், ஆனால் அதை நாலு மாதப் பெட்ஷீட்டுக்கு ஈடாக வாங்க வேண்டியதில்லை.

இதை அவளுக்குப் போனில் சொல்லி முடித்தபோது, "சரி மாமா, நீங்க சொன்னா மாதிரி மேஜையப் பாத்துட்டு வரேன்" என்றாள். வியாழக்கிழமை அவளே குன்னூருக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறாள். மேஜை ஜன்னலோரமாம். வெளியே எடை போடும் இடம் நேராகத் தெரிகிறதாம். பக்கத்து மேஜையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, "எந்த ஊரும்மா? யாரு வீட்டுப் பொண்ணு?" என்று விசாரித்துவிட்டு, சர்க்கரை இல்லாத டீ கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாராம்.

"சத்தமா உறிஞ்சினேன் மாமா. அந்தம்மா யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டாங்க."

ஓட்டல் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. அதற்கு அக்கா வேறு காரணம் வைத்திருக்கிறார்: அங்கே சாப்பாடு இலவசம்.